பீரோவுக்குள் ஒரு திட்டம்

அடுத்த முறை நெடுஞ்சாலையில் டேங்கர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், ஹாரன் அடிப்பதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு அதன் முதுகைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கும். அதில் நாலு இலக்கத்தில் ஓர் எண். 1075 என்றால் சமையல் காஸ். 1017 என்றால் குளோரின். 1005 என்றால் அமோனியா. அவசரத்துக்குக் கூப்பிட ஒரு போன் நம்பரும் இருக்கவேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி.

'அட, ஏதோ பர்மிட் நம்பர்னுல்ல நெனச்சேன்' என்கிறீர்களா? தப்பு உங்கள் மேல் இல்லை. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு, போபால். யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. வெளியே கேட்கும் சைரன் கொஞ்ச நேரம் ஊதிவிட்டு நிறுத்தப்பட்டது. மறுபடி அது ஊதியபோது விஷம் ஊருக்குள் போய்விட்டிருந்தது. ஜனங்கள் ஓடினார்கள். பலர் காற்று போகிற திசையிலேயே ஓடினார்கள். விஷமும் கூடவே வந்தது. ஈரத் துணியால் முகத்தை மூடுங்கள் என்று ஒரே ஒரு வரி முன்பே போய்ச் சேர்ந்திருந்தால், பலரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. சட்டம் போட்டது. 1989-இல் அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகள். ஆலைக்கு வெளியே பரவும் விபத்தைச் சமாளிக்கும் திட்டத்தை மாவட்ட நிர்வாகம் தயாரிக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்றது. 15-ஆவது விதி இன்னும் ஒருபடி மேல்: பாதிக்கப்படக் கூடிய அக்கம்பக்கத்து ஜனங்களிடம், என்ன ஆபத்து, வந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்லியே ஆகவேண்டும். 1996-இல் இன்னொரு விதித் தொகுப்பு. டெல்லி, மாநிலம், மாவட்டம், உள்ளூர் என்று நாலு மட்டத்தில் நெருக்கடிக் குழுக்கள். உள்ளூர்க் குழு மாசம் ஒரு தரம் கூட வேண்டும்; மாவட்டக் குழு 45 நாளுக்கு ஒரு தரம்.

படித்தால் புல்லரிக்கிறது. ஆனால் உங்கள் வட்டாரத்துக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், தெரியுமா? கடைசியாக எப்போது கூடினார்கள்?

2020 மே 7, விசாகப்பட்டினம். எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து அதிகாலையில் ஸ்டைரீன் ஆவி கசிந்தது. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. 12 பேர் பலி. ஆந்திர அரசு அமைத்த குழு பிறகு சொன்னது: சைரனை முடுக்குவதற்கு ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தும், ஊதவில்லை. போபாலுக்குப் பிறகு 35 வருஷம், அத்தனை விதிகள், கடைசியில் ஒரு பட்டனை அமுக்க ஆள் இல்லை.

அப்புறம் நம்ம எண்ணூர். 2023 டிசம்பர் 26. சுனாமி நினைவு நாள். அன்றிரவு உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கடல் பொங்கினால் மேட்டுக்கு ஓடணும் என்பது 2004-க்குப் பிறகு கடற்கரையில் குழந்தைக்கும் தெரியும். காற்றில் விஷம் வந்தால் எந்தப் பக்கம் ஓடணும்? அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நான் பி.காம். படித்தவன். ரசாயனம் எனக்குத் தூரத்து உறவு. ஆனால் ஆடிட்டிங் பேப்பரில் ஒன்று கற்றுக்கொண்டேன்: ரெஜிஸ்டர் சரியாக இருக்கிறது என்பதற்காகச் சரக்கு குடோனில் இருக்கிறது என்று நம்பிவிடாதே, போய் எண்ணிப் பார். நம் ஆபத்துக்காலத் திட்டங்களில் ரெஜிஸ்டர் சரியாகத்தான் இருக்கிறது. அதில் தீயணைப்புத் துறைக்கு ஒரு பக்கம், போலீசுக்கு ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம். ஓடப்போகிற ஜனங்களுக்கு? அவர்கள் அதில் வெறும் எண்ணிக்கை. 'இத்தனை பேர் அப்புறப்படுத்தப்படுவார்கள்'. திட்டம் கலெக்டர் ஆபீஸ் பீரோவில். ஆபத்து குப்பத்து வாசலில்.

கேட்டால், 'வெளியே சொன்னால் ஜனங்க பீதியாயிடுவாங்க சார்' என்பார்கள். புயல் வருகிறது என்று சொன்னால் பீதியாகிறோமா? பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைக்கிறோம். தெரியாததுதான் பீதி. இன்னொரு பயமும் இருக்கலாம்: விவரம் தெரிந்தால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள்.

சொல்ல வேண்டியது பெரிய விஞ்ஞானமும் இல்லை. காற்றோடு ஓடாதே, காற்றுக்குக் குறுக்கே விலகிப் போ. போக முடியாவிட்டால் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இரு. அமோனியா நீரில் கரையும். ஈரத் துணி உதவும். குளோரின் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும், மேடு பார்த்துப் போ. சமையல் காஸ் என்றால் சுவிட்சைத் தொடாதே, வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே. ஒரு ரேஷன் கடைச் சுவரில் எழுதிவிடலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடில் சொல்லிவிடலாம். சைரன் எப்படி ஊதினால் என்ன அர்த்தம் என்று மாதத்தில் ஒரு நாள் ஊதியே காட்டிவிடலாம்.

செய்வார்களா? கேட்டால் செய்யலாம். உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டருக்குள் ரசாயன ஆலையோ சேமிப்புக் கிடங்கோ இருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே என்ன வைத்திருக்கிறார்கள்? கடைசி ஒத்திகை எப்போது? அதில் எங்கள் தெரு இருந்ததா?

பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். அதை வைத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் எழுந்து நில்லுங்கள்.