கதைக்கலாம், யார் முன்னால்?

பின்லாந்தின் தோர்னியோவிலுள்ள கெரோபுதாஸ் வைத்தியசாலை 1984இல் ஒரு முடிவெடுத்தது: நோயாளி இல்லாத இடத்தில் அவரது சிகிச்சை பற்றித் தீர்மானிப்பதில்லை. யாக்கோ செய்க்குலாவும் சகாக்களும் அதிலிருந்து வளர்த்தெடுத்ததே ‘திறந்த உரையாடல்’. உதவி கேட்டு 24 மணித்தியாலத்துள் நோயாளி, குடும்பம், நண்பர், வைத்தியர், தாதி எல்லோரும் ஒன்றாக இருந்து கதைப்பர். மருந்து விலக்கல்ல, ஆனால் அவசரப்பட்டுத் தொடங்குவதில்லை.

போரின் வடு தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வலியுறுத்தி வந்திருக்கிறார். ஆகவே சேர்ந்தே ஆற்றவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு வேறிடத்தில். கதைப்பதால் ஆபத்தில்லை என்ற எடுகோளின்மீதே இம்முறை நிற்கிறது. 1989 செப்ரெம்பரில் ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது நான் மாணவன். அயலுக்குக் கேளாமல் கதைக்க எம் தலைமுறை பழகியது அக்காலத்தில்தான். யாரை அழைப்பது என்று நோயாளியிடம் கேட்பார்கள், உண்மை. ஆனால் அண்ணர் வேண்டாம் என்று அண்ணர் முன்னால் சொல்ல எம்மில் எவரால் முடியும்?

மான்மவுத் ஜங்ஷனில் என்னைப்போல் தொழிற்சாலையில் இரவுவேலை செய்பவனுக்கு உறவுகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வவுனியாவிலும். பக்கத்தில் மிஞ்சுவது ஆங்கிலம் தெரிந்த பிள்ளை. பட்ட சித்திரவதையைத் தகப்பன் மகளின் வாயால் வைத்தியருக்குச் சொல்வானா?

எனவே எல்லோரும் கூடுமுன் நோயாளியோடு தனியாக ஒரு சந்திப்பு வேண்டும். இரகசியம் காக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சொல்லாமல் இருக்கும் உரிமையும் வேண்டும். இவையின்றேல், பழைய விதானையார் விசாரணையையே வைத்தியசாலைக்குள் கொண்டுவந்ததாக முடியும்.