ரிப்பீட்டர் வருடம்: யாருக்கு லாபம்?

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துத் தமிழ் வீடுகளில், பிளஸ் டூ முடித்த பிள்ளை என்ன செய்கிறான் என்று விசாரித்தால், "ரிப்பீட் பண்றான்" என்ற பதில் வருவது இன்று சகஜம். எம்பிபிஎஸ் இடம் கைநழுவியதும் வேறெந்தப் படிப்பிலும் சேராமல், ஒரு வருடம் முழுக்க நீட்டுக்கு மட்டும் உட்காருவது கேரளத்தில் ஊறிப்போன வழக்கம். பாலாவும் திருச்சூரும் இதற்கென்றே பேர்போன ஊர்கள், திருவனந்தபுரமும் சளைத்ததல்ல.

இந்த வழக்கத்துக்கு நியாயம் உண்டு. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி நிராகரித்த மாணவர், அடுத்த முறைக்குள் மருத்துவமனை அனுபவத்தைக் கூட்டலாம், கட்டுரையைத் திருத்தலாம், நேர்காணலுக்குத் தயாராகலாம். இங்கே நீட் மதிப்பெண் ஒன்றுதான் பேசும். 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் பாதி உயிரியல். என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தை வரி விடாமல் படிக்க நேரம் கிடைத்தவருக்குச் சாதகமான தேர்வு இது. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். 2022-ல் வயது உச்சவரம்பும் போய்விட்டது. தமிழ்நாட்டில் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு திரட்டிய கணக்கும் இதையே சொல்கிறது. எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் மறுமுயற்சிக்காரர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம், 2020-21-ல் 71.42 சதவீதம்.

ஆனால் இந்த எண்ணை அவசரப்பட்டு வாசிக்கக் கூடாது. இடம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் ரிப்பீட்டர்கள் என்றுதான் அது சொல்கிறது. ரிப்பீட்டர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பது வேறு கேள்வி. கோச்சிங் சென்டரின் ஃபிளெக்ஸ் பேனரில் சிரிக்கும் முகங்களும் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆகா. 2025-ல் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வு எழுதினார்கள்; நாடு முழுவதும் இருப்பது ஒரு லட்சத்துச் சொச்சம் இடம்.

பெரிய குறை, எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுப்பது. ரிப்பீட்டர் பேட்ச் பெரும்பாலும் முதல் பாடத்திலிருந்தே தொடங்குகிறது. எங்கே தோற்றோம் என்பதைக் கண்டுபிடிக்கும் சான்றுகளோ மாணவர் கையிலேயே இருக்கின்றன. வினாத்தாளை வீட்டுக்கு எடுத்து வரலாம்; ஓஎம்ஆர் தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் தேர்வு முகமை இணையத்தில் காட்டுகிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்து, தவறிய கேள்விகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தெரியாதவை, தெரிந்தும் கோட்டைவிட்டவை, நேரம் போதாமல் விட்டவை. சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு என்பதால், தெரிந்த விடையைத் தவறாக நிரப்பினால் நஷ்டம் ஐந்து. அப்படி இருபது கேள்வி என்றால் நூறு மதிப்பெண். இது கவனக் கோளாறு. மாதிரித் தேர்வுகள் சரிசெய்துவிடும். மாறாக, இயற்பியலில் அடிப்படையே ஆடுகிறது என்றால் நூறு மாதிரித் தேர்வு எழுதியும் பயனில்லை; பதினோராம் வகுப்புக் கணக்குக்கே திரும்பிப் போக வேண்டும்.

போன வருட மதிப்பெண்ணைக் குறிவைப்பது இன்னொரு பிழை. 2024-ல் இறுதிப் பட்டியலிலேயே 17 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-ல் முதலிடமே 686-தான். பார்க்க வேண்டியது ரேங்க். "குவாலிஃபைட்" என்ற சொல்லில் மயங்குவதும் வீண்: 2025-ல் பொதுப்பிரிவுக்கு 144 எடுத்தாலே தகுதி, அரசு இடமோ அதற்கு வெகு மேலே.

காகித விஷயமும் உண்டு. கேரள மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் மட்டும் எழுதினால் போதாது. மாநில நுழைவுத் தேர்வு ஆணையரிடம் கீம் (KEAM) விண்ணப்பமும் தனியே போட வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஸ்ரீவராகத்தில் வாழும் தமிழ்க் குடும்பமானாலும் நேட்டிவிட்டிக்கான சான்றை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது.

ஆகவே ஒரு முறை ரிப்பீட் செய்வது பெரும்பாலும் நியாயமான முடிவே. தோல்வியின் காரணம் தெரிந்து, அதற்கேற்பப் படிக்கும் முறை மாறினால். மூன்றாம் தடவைக்கு அந்தச் சலுகை கிடையாது. ரேங்க் கணிசமாக முன்னேறாவிட்டால் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதுவது நல்லது. எப்போது நிறுத்துவது என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். அடுத்த ரிசல்ட் வந்த இரவில் அந்தப் பேச்சை யாராலும் நிதானமாகப் பேச முடியாது.