சசியின் பேஸ்

இளையராஜாவின் எண்பதுகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நம்மில் பலர் முதலில் ராகத்தின் பெயரைத்தான் சொல்வோம். 'பனிவிழும் மலர்வனம்' என்றால் சலநாட்டை. தெரிந்தவர் தலையாட்டுவார், தெரியாதவர் குறித்துக்கொள்வார், பேச்சு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். எனக்கோ அந்தப் பேச்சு அங்கேதான் தொடங்கவேண்டும். சலநாட்டையில் ரிஷபம் ஷட்ஜத்தை விட்டு எட்டிப்போய்க் காந்தாரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே தைவதமும் நிஷாதமும் அதே கதை. தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாலே ஆளைச் சோதிக்கும் ராகம். 1982-இல் 'நினைவெல்லாம் நித்யா'வில் இந்த ராகத்துக்கு அடியில் ஒரு பேஸ் கிட்டாரை ஓடவிட்டிருக்கிறார்கள். அது ஓரிடத்தில் நின்று ஆதாரம் காட்டும் பேஸ் கிடையாது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது ஒரு வாக்கியம் பேசுகிறது, அவர் மறுபடி எடுக்கும்போது ஒதுங்கிக்கொள்கிறது.

ராஜாவின் குழுவில் பேஸ் என்றால் முதலில் வரும் பெயர் சசிதரன். குழுவில் எல்லோருக்கும் சசி. ரசிகர்களுக்கும் அப்படித்தான்.

சசியைப் பற்றிப் பேச்செடுத்தால் எப்போதும் ஒரு மறுப்பு வரும். என் நண்பர் ஒருவரே இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறார். "பேஸ் வரியையும் ராஜாதானே எழுதுகிறார்? சசி தாளைப் பார்த்து வாசித்தார், அவ்வளவுதான்." எழுதினார் என்பது உண்மை. மற்ற வாத்தியங்களுக்கு எழுதுவதைப் போலவே பேஸுக்கும் சுரம் சுரமாக எழுதிக்கொடுக்கும் வழக்கம் அவருடையது. ஆனால் தாளில் வருவது எந்தச் சுரம், எத்தனை மாத்திரை என்பதுதான். அந்தச் சுரம் எப்படி முடியவேண்டும் என்பதைத் தாள் சொல்லாது. பேஸ் கிட்டாரின் அழகில் பாதி இந்த முடிவில் இருக்கிறது. வலதுகை தந்தியை மீட்டியபின் இடதுகை விரல் எப்போது மேலெழுகிறது, சட்டென்று எழுகிறதா, தந்தியின் மேலேயே தங்கி ஒலியைத் தணிக்கிறதா, அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகிறதா என்பதைப் பொறுத்து ஒரே வரி நடையாகவும் ஆகும், ஓட்டமாகவும் ஆகும், தள்ளாட்டமாகவும் ஆகும். சசியின் பேஸில் ஒரு சுரம் முடிந்ததும் அடுத்தது தொடங்குவதற்கு முன் மயிரிழை மௌனம் இருக்கும். அந்த மௌனத்தில்தான் தபலாவின் 'தா' தெளிவாகக் கேட்கிறது. 'இளைய நிலா'வில் கிட்டாரை எல்லோரும் புகழ்கிறோம், புகழவும் வேண்டும். அந்தக் கிட்டாருக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைப்பதற்குக் கீழே பேஸ் காட்டும் நிதானமும் ஒரு காரணம் என்பதை எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

ராஜாவின் 100-ஆவது படமான 'மூடுபனி'யில் வரும் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டையும் இதற்காகவே கேட்கலாம். யேசுதாஸின் குரல் நீளமாக இழுத்து நிற்கும் இடங்களில் பேஸ் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நான் முதலில் இந்தப் பாட்டைக் கேட்டது ஒற்றை ஸ்பீக்கர் உள்ள டேப் ரெக்கார்டரில். பேஸ் இருப்பதே அதில் தெரியாது. பல வருடம் கழித்து, உறவினர் வீட்டில் இருந்த நல்ல டெக்கில், பெரிய பெட்டிகள் வழியாகக் கேட்டபோது நமக்குத் தெரியாமல் வேறு ஆட்களை வைத்து மறுபடி எடுத்துவிட்டார்களோ என்றே நினைத்தேன். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அன்று பிடித்தது. பிறகு இசைக்குழுவில் வாசித்தவர்கள் யாரைப் பார்த்தாலும் உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

வடபழனிப் பக்கம் ஒரு வயலின் கலைஞர் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். பல இசையமைப்பாளர்களிடம் பின்வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர். "சார், டேக்கின்போது ஹெட்ஃபோனில் உங்களுக்கு என்ன கேட்கும்?" என்றேன். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் இடது காதை மூடிக் காட்டினார். "இந்தக் காதில் ஹெட்ஃபோன் தம்பி. டிரம்ஸும் பேஸும் வரும், பாடகர் குரல் கொஞ்சம் வரும். இந்தக் காது திறந்தே இருக்கும். பக்கத்தில் இருப்பவன் வில் எப்படிப் போகிறது என்று கேட்கவேண்டாமா? ரெண்டு காதையும் மூடினால் நாற்பது வயலின் நாற்பதாகத்தான் கேட்கும்." அந்தத் திறந்த காதைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பழைய பாட்டுகளின் வயலின் கூட்டத்தில் நாம் உணரும் அந்த ஒரே மூச்சுக்கு அவருடைய வலது காது ஒரு காரணம்.

பேஸைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். பேஸ் கிட்டாரை நேராகக் கன்சோலில் சொருகிவிடுவது அன்றைய வழக்கங்களில் ஒன்று. ஆம்ப்ளிஃபையர் வைத்தால் அதன் ஒலி கூடம் முழுக்கப் பரவி மற்ற மைக்குகளிலும் விழும். நேராகச் சொருகினால் கூடத்துக்குள் பேஸின் சத்தமே இருக்காது. வாசிப்பவருக்கே ஹெட்ஃபோன் வழியாகத்தான் கேட்கும். "ஹெட்ஃபோனைக் கழற்றினால் சசி சும்மா விரலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். மாட்டினால் பாட்டே அவர் மேல்தான் நிற்கும்" என்றார் அவர். பாட்டு முழுவதையும் சுமக்கும் வாத்தியம் அது பதிவான கூடத்திலேயே கேட்காமல் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

கன்சோலுக்குப் பின்னால் இருந்தவர்களையும் நான் இசைக்கலைஞர்கள் கணக்கில்தான் வைப்பேன். டிராக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்த காலத்தில் கலவையின் பெரும்பகுதி டேக் ஓடும்போதே நடந்தது. இரண்டாவது இடையிசையில் குழல் வருகிறது என்றால் அந்த இடத்தில் ஃபேடரைத் தூக்கவேண்டும், குழல் முடிந்ததும் வயலின்களுக்கு வழிவிட்டு இறக்கவேண்டும். தவறவிட்டால் பாடகர், வயலின்காரர்கள், தபலாக்காரர் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. ஒலிப்பதிவாளரும் ஒத்திகை பார்த்தார், தாளம் எண்ணினார், குறிப்பு எழுதிவைத்தார். 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்துக்காக எஸ்.பி.ராமநாதனுக்கு ஒலிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தின் 'பருவமே' பாட்டை நமக்குத் தெரியும். ஓடும் காலடிச் சத்தமே தாளமாக வரும் பாட்டு. அது தொடையில் தட்டி எடுத்த ஒலி என்று இசைக்குழு வட்டாரத்தில் சொல்வார்கள். தொடையில் தட்டுவது யாருக்கும் முடியும். அந்தத் தட்டலைக் குரல்களுக்குப் பக்கத்தில், அவற்றைத் தின்றுவிடாமல், ஈரமான காலைநேரத்துச் சாலை மாதிரி கேட்கவைப்பது கைவேலை.

பின்னால் இருந்து வாசித்தவர்களை வெளிநாட்டில் எப்படிப் பதிவு செய்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒரு பேஸ் கலைஞர் இருந்தார். ஒரு வீட்டில் அமைத்த கூடத்தில், வலதுகையின் ஆள்காட்டி விரல் ஒன்றையே பயன்படுத்தி வாசித்தவர். தந்திகளை மாற்றவே விரும்பமாட்டார். பழைய தந்தியின் மந்தமான ஒலிதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஊரெல்லாம் அவர் வாசித்த பாட்டுகளுக்கு ஆடியது, இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. மார்வின் கேயின் 1971 இசைத்தட்டில்தான் அந்த நிறுவனத்தின் கலைஞர்களுக்குப் பெயரோடு மரியாதை கிடைத்தது. ஜேமர்சன் 1983-இல் இறந்தார். ஆறு வருடத்தில் அவரது வாசிப்பைச் சுரம் சுரமாகக் குறித்து, உடன் வாசித்தவர்களிடம் பேசி, ஒரு புத்தகமே வந்துவிட்டது. 2002-இல் மோடவுன் இசைக்குழுவைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. அவர் எந்த விரலால் வாசித்தார், பாலத்துக்கடியில் பஞ்சு வைத்திருந்தாரா, தந்தி என்ன வகை என்பதெல்லாம் அங்கே பள்ளிப் பையனுக்கும் தெரியும். சசிக்கு அப்படி ஒரு புத்தகம் தமிழில் வந்து நான் பார்க்கவில்லை. சசிக்கு மட்டுமா? டிரம்ஸ் வாசித்ததோடு நீண்ட காலம் ராஜாவின் குழுவை நடத்திய புருஷோத்தமன் 2020-இல் போய்விட்டார். கூடத்தில் அவர் என்ன செய்தார் என்பதை விரிவாக எழுதிவைக்க நமக்கு எத்தனை வருடம் இருந்தது!

பேட்டிகளே வரவில்லையா என்றால், வருகின்றன. இப்போது நிறையவே வருகின்றன. பழைய கலைஞர்களைத் தேடிப்போய் கேமரா வைக்கும் இளைஞர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கேள்விகள்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்புகின்றன. ராஜா சார் கோபப்படுவாரா, அவரா இவரா யார் பெரியவர், இந்த மெட்டு எத்தனை நிமிடத்தில் பிறந்தது. முப்பது வருடம் கூடத்தில் உட்கார்ந்த மனிதரிடம் கேட்க இவ்வளவுதானா? அவர் தானாகவே, "அந்த இன்டர்லூடில் வில்லைப் பாலத்துக்குப் பக்கத்தில் வைத்து..." என்று ஆரம்பிப்பார். பேட்டி எடுப்பவர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். நமக்கு வேண்டியது அந்த வாக்கியத்தின் மிச்சம்.

ரஹ்மான் ரசிகர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். 1992-இல் 'ரோஜா' வந்தபோதுதான் பேஸ் என்றால் என்னவென்றே வீட்டு ஸ்பீக்கரில் தெரிந்தது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒலிப்பதிவாளர் எச்.ஸ்ரீதரின் கலவையில் ஒவ்வொரு வாத்தியமும் தனக்கென்று இடம் வாங்கிக்கொண்டு நிற்கும். 2008-இல் அவர் மறைந்தது ஈடுசெய்ய முடியாத இழப்பு. கீத் பீட்டர்ஸின் பேஸும் எனக்கு உயிர். கலைஞர்களின் பெயர்களைக் கேசட் உறையில் அச்சடித்துக் கொடுத்த புண்ணியமும் ரஹ்மானுக்கே. கணினி வந்துதான் இசை கெட்டது என்று ராஜா ரசிகர்கள் சிலர் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்குச் சீக்வென்சரைக் கொண்டுவந்ததே ராஜாதான்.

இருந்தாலும் என் மனம் பழைய கூடத்தின் பக்கம்தான் சாயும். ரஹ்மானிடம் வாசித்தவர்களோடு பேசினால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கலைஞர் தனியாக வருகிறார், மனம்போல வாசிக்கிறார், அதிலிருந்து எதை எடுத்து எங்கே வைப்பது என்பது பிறகு முடிவாகிறது. எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று அவர்களிடம் கேட்கவேண்டும். அதுவும் பெரிய கலைதான். ஆனால் சசி வாசிக்கும்போது தபலாக்காரரும் அதே நொடியில் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு அடியை இம்மி முன்னால் வைத்தால் சசி அதைக் கேட்டு நகர்ந்திருப்பார். இந்த நகர்வை எந்த எடிட்டிங்கும் பின்னால் உண்டாக்க முடியாது.

இன்றைய நிலைமை இரண்டுக்குமே வாரிசு இல்லை. பேஸ் பகுதியைக் கீபோர்டில் தட்டிவிடுகிறார்கள். உண்மையான பேஸ் வேண்டும் என்று கேட்கும் இசையமைப்பாளருக்கும் கலைஞர் வீட்டிலிருந்து ஃபைல் அனுப்புகிறார். அவர் யாருடைய தபலாவோடு வாசித்தார் என்பது அவருக்கே தெரியாது. இதைவிட மோசம் பழைய பாட்டுகளுக்கு நடப்பது. 'ரீமாஸ்டர்' என்று போட்டு, பேஸைக் கூரை அதிர ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே சத்தமாக அமுக்கிவிடுகிறார்கள். சசி விட்ட அந்த மயிரிழை மௌனம் அதில் காணாமல்போகிறது. பேஸ் அதிகம் கேட்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் அசல் இசைத்தட்டைத் தேடி ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

1986-இன் 'ஹவ் டு நேம் இட்?' இசைத்தொகுப்பில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் நமக்கு மனப்பாடம். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். முன்னால் நிற்கும் வயலினுக்குக் கிடைத்த அந்தக் கவனத்தில் கால்பங்காவது பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கிடைக்கவேண்டும்.

இதைப் படிக்கும் உங்கள் தெருவில், உங்கள் உறவில், சாலிகிராமத்திலோ வடபழனியிலோ கோடம்பாக்கத்திலோ கால்ஷீட்டுக்குப் போய்வந்த ஒருவர் இருக்கக்கூடும். கோரஸ் பாடியவராக இருக்கலாம், செல்லோ வாசித்தவராக இருக்கலாம், மைக் ஸ்டாண்டை நகர்த்திவைத்த உதவியாளராகக்கூட இருக்கலாம். போய்ப் பாருங்கள். யார் கோபக்காரர் என்று கேட்காதீர்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது, எந்தக் காதில் ஹெட்ஃபோன் போட்டீர்கள், எத்தனையாவது டேக் ஓகே ஆனது என்று கேளுங்கள். பாட்டைப் போட்டுக் காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது, கை தானாக வாசித்துக் காட்டும். சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். படம், பாட்டு, கூடம் மூன்றின் பெயரையும் அன்றைக்கே எழுதிவைத்துவிடுங்கள்.