பெருமிருகமும் அதன் காலடியும்

லண்டனை ஒரு தாய் இடித்து நொறுக்கிய கதை 1961இல் வந்தது. அயர்லாந்துக் கரையை ஒட்டிய ஒரு தீவில் இருவர் விநோதமான ஒரு கடல்மிருகத்தைப் பிடிக்கிறார்கள். அதை லண்டனுக்குக் கொண்டுவந்து, பற்றர்சி பார்க்கில் ஒரு சர்க்கஸ்காரரின் காட்சிப்பொருளாக்கிப் பணம் பார்க்கிறார்கள். பிடிபட்டது வெறும் குட்டி என்பது பிறகுதான் தெரியவருகிறது. குட்டியைத் தேடி, 200 அடி உயரத் தாய் தேம்ஸ் வழியாக வருகிறாள். டவர் பிரிட்ஜ் உடைகிறது, பிக் பென் சரிகிறது, பிக்கடிலியில் சனம் சிதறி ஓடுகிறது. இராணுவத்தால் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. குட்டியைக் கூட்டிக்கொண்டு அவள் கடலுக்குத் திரும்பிவிடுகிறாள். யூஜின் லூரியே இயக்கிய ‘கோர்கோ’ இதுதான். 1933இன் கிங் கொங் செத்தது. 1954இன் காட்ஸில்லாவும் செத்தது. கோர்கோவும் தாயும் உயிரோடு வீடு போனார்கள்.

அதே 1961இல் அமெரிக்காவின் சார்ள்டன் காமிக்ஸ் இந்தப் படத்தைப் படக்கதையாக்கித் தொடர் இதழாக நீட்டியது. 1965 வரை அது வந்தது. எழுதியவர் ஜோ கில். முதல் இதழையும் பின்னர் வந்த பலவற்றையும் வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அடுத்த ஆண்டு ஸ்டான் லீயோடு சேர்ந்து ஸ்பைடர்மேனை உருவாக்கிய அதே டிட்கோ. சார்ள்டன் கலைஞர்களுக்குக் குறைந்த கூலி கொடுத்து, மலிவான தாளில் அச்சடித்த நிறுவனம். அந்த அவசரத்துக்குள்ளும் டிட்கோவின் மனிதர்கள் கவனத்தில் நிற்கிறார்கள்: வியர்த்த முகங்கள், விரித்த விரல்கள், மேலே பார்க்கும் கண்கள். 2013இல் கிரெய்க் யோ இந்தக் கதைகளைத் தொகுத்துக் கெட்டி அட்டைப் புத்தகமாக்கினார். கிழிந்துபோக வேண்டிய ஒன்றுக்கு ஐம்பது வருடம் கழித்துக் கிடைத்த மரியாதை அது.

இப்படியான மரியாதைகள் இன்று தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. ஜப்பானியர் ‘கைஜு’ என்று சொல்லும் பெருமிருகக் கதைகளைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர்கள், வளர்ந்தபின் அதே மிருகங்களை அன்போடு வரைகிறார்கள். பழைய உறுமல், பழைய கட்டடங்கள், ரப்பர் உடுப்பின் மடிப்புகூட அப்படியே இருக்கும். நானும் இவற்றை ஆசையோடு வாசிப்பவன். ஆனாலும் ஒரு கேள்வி வாசிக்கும்போதெல்லாம் கூடவே வருகிறது. இந்த அன்பு யார்மீது? மிதிக்கும் காலின்மீதா, அந்தக் காலுக்குக் கீழே நிற்கும் ஆட்கள்மீதா?

பழைய படக்கதைமீதான பாசத்தை ஏளனம் செய்ய எங்களில் பலருக்கு உரிமையில்லை. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கைமாற்றி வாசித்த தலைமுறை ஒன்று உண்டு. அந்த மாயாவி லண்டனில் பிறந்தவர். ‘வேலியன்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய கதை அவருடையது. லண்டனுக்கு வந்து சேருமுன்பே லண்டன் எங்களுக்குத் தமிழில் வந்து சேர்ந்திருந்தது. மஞ்சளித்த தாளின் மணத்துக்காகவே ஒரு புத்தகத்தை நேசிக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே கேள்வி பாசம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றியதே இல்லை. பாசம் கதையை எந்த இடத்தில் நின்று பார்க்க வைக்கிறது என்பதைப் பற்றியது.

இந்த வகையில் நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்தது கனடியரான ஜேம்ஸ் ஸ்டோகோ எழுதி வரைந்த ‘காட்ஸில்லா: அரை நூற்றாண்டுப் போர்’. 2012–13இல் ஐந்து இதழ்களாக வந்தது. ஓட்டா முராக்காமி என்ற ஜப்பானியப் படைவீரன் 1954இல் டோக்கியோவில் காட்ஸில்லாவை முதன்முதலில் காண்கிறான். அதன்பின் அவனுடைய வாழ்நாள் முழுவதும் அந்த மிருகத்தைத் துரத்துவதிலேயே கழிகிறது. 1967 வியட்நாம், 1975 கானா, 1987 பம்பாய், 2002 அன்டார்ட்டிக்கா. மிருகம் மாறுவதில்லை, அவன் மட்டும் நரைத்துக்கொண்டே போகிறான். ஸ்டோகோ ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியே வரைபவர். உறுமலைக்கூட எழுத்தாகக் கையால் வரைந்து பக்கத்தின் குறுக்கே போடுகிறார். ஒரு கட்டடம் விழுந்தால் எத்தனை துண்டாக விழும் என்று எண்ணிப் பார்த்தவரின் கோடுகள் அவை. இடிபாட்டுக்கு ஒரு கனம் உண்டு என்பதை மறக்காத புத்தகம்.

எதிரியைத் துரத்தித் துரத்தி, கடைசியில் அந்த எதிரியைத் தவிர வேறு துணையில்லாமல் போகும் மனிதனின் கதையாகவும் அதை வாசிக்கலாம். போரில் இளமையைத் தொலைத்தவர்களை அறிந்த வாசகருக்கு ஓட்டாவின் முகம் அந்நியமாக இராது. ஆனால் பம்பாய் அத்தியாயத்துக்கு வரும்போது எனக்கு ஒரு குறை தட்டுப்பட்டது. கதை முழுக்க ஓட்டாவின் குரலில் நடக்கிறது. அவனுக்கு பம்பாய் வேலைக்கு அனுப்பப்பட்ட ஓர் ஊர், கானாவும் அப்படித்தான். டோக்கியோவில் இழப்பு அவனுடையது. மற்ற ஊர்களில் இழப்பு ஊராருடையது, ஆனால் அதைச் சொல்ல அவர்களுக்குக் குரல் இல்லை. பழைய மிருகக் கதைகளிடமிருந்து இந்தப் பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கிறது. அஞ்சலி செய்பவர் முன்னோரின் அழகை எடுக்கும்போது அவர்களின் கண்பட்டையையும் எடுத்துவிடுகிறார்.

ஸான்டர் கேனன் 2015இல் தொடங்கிய ‘கைஜுமேக்ஸ்’ இதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. மிருகங்களுக்கென்று பசிபிக் தீவொன்றில் ஒரு சிறைச்சாலை. நாயகன் எலெக்ட்ரோகோர், பிள்ளைகளுக்கு இரை தேடப்போன இடத்தில் பிடிபட்ட தகப்பன். உள்ளே கைதிக் குழுக்களின் சண்டை, கடத்தல், லஞ்சம். வெளியே அநாதரவாக நிற்கும் பிள்ளைகள். படங்கள் சிறுவர் கார்ட்டூன்போல் உருண்டை உருண்டையாக இருக்கும், கதையோ கசப்பு. கோர்கோவின் தாய் 1961இல் செய்ததை எலெக்ட்ரோகோரால் செய்ய முடியாது. அவன் பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கிறான். தடுப்பு முகாமில் மாதக்கணக்கில் இருந்து, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எங்கள் சமூகத்தில் குறைவில்லை. மகள் சிரித்துப் புரட்டும் பக்கத்தில் தகப்பன் சிரிக்காமல் நிற்கக்கூடிய புத்தகம் இது. அமெரிக்கச் சிறைப் படங்களின் தேய்ந்த காட்சிகளை அது அளவுக்கு மிஞ்சிக் கடன் வாங்குகிறது என்பது என் முறைப்பாடு. ஆனாலும் மிருகத்தின்மேல் வைத்த அன்பை ஒரு தகப்பனின்மேல் வைத்த அன்பாக மாற்றியதில் கேனன் வென்றிருக்கிறார்.

இந்த இரண்டு புத்தகங்களுக்கும் ஊற்று 1954 நவம்பரில் வெளிவந்த இஷிரோ ஹொண்டாவின் ‘காட்ஸில்லா’. அந்த ஆண்டு மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைப் பரிசோதித்தது. ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்தவர்கள்மேல் அதன் சாம்பல் விழுந்தது. அவர்களில் ஒருவர் செப்டெம்பரில் இறந்தார். படம் அந்தச் சூட்டோடு எடுக்கப்பட்டது. அதில் ரயிலில் போகும் ஒரு பெண், நாகசாகியிலிருந்து தப்பி வந்த தன் நிலையைச் சொல்கிறாள். கூட இருப்பவன் மறுபடியும் இடம்பெயர வேண்டி வருமோ என்று அலுத்துக்கொள்கிறான். இன்னொரு காட்சியில், தெருவோரம் பிள்ளைகளை அணைத்தபடி இருக்கும் ஒரு தாய், இதோ அப்பாவிடம் போகப்போகிறோம் என்று தேற்றுகிறாள். 1956இல் அமெரிக்காவுக்காக வெட்டி ஒட்டப்பட்ட பதிப்பில் ரேமன்ட் பர் ஒரு பத்திரிகையாளராகப் புகுத்தப்பட்டார். குண்டைப் பற்றிய பேச்சு மங்கிப்போனது. உலகின் பெரும்பகுதி அந்தப் பதிப்பின் வழியாகத்தான் காட்ஸில்லாவை நேசிக்கத் தொடங்கியது.

‘மறுபடியுமா’ என்ற அந்த ரயில் பேச்சை, 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொம்மர் வரும் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் இறங்கியவர்கள் வானத்தைப் பார்த்த கோணமும் அந்தத் தாய் பார்த்த கோணமும் ஒன்றுதான். கீழிருந்து மேலே. ஆர்ச்வேயிலிருந்து ஹைகேற் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் லண்டன் முழுதும் விளையாட்டுச் சாமான்போல் கீழே கிடக்கும். பெருமிருகப் படங்களின் கமரா பெரும்பாலும் நிற்பது இப்படியொரு மேட்டில். அங்கிருந்து பார்க்க இடிபாடு அழகாகவே இருக்கும். அஞ்சலிக் கதைகள் அந்த அழகைப் பெருக்குகின்றன. நல்லவை மட்டும் இடைக்கிடை மேட்டிலிருந்து இறங்கித் தெருவுக்கு வருகின்றன.

அசுரனை நேசிப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆர்ச்வே றோட்டில் முருகன் கோயில் இருக்கிறது. கந்தசஷ்டி வந்தால் சூரனின் நினைவும் கூடவே வரும். கந்தபுராணக் கலாசாரம் என்று பெயரெடுத்த யாழ்ப்பாணத்தில் சூரன்போர் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆறாம் நாள் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டுவார்கள். யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும், சிங்கமுகம் போய்ச் சூரனின் சொந்த முகம் வரும். கடைசியில் மாமரம், வேல் பட்டுப் பிளந்தால் சேவலும் மயிலும். பிள்ளைகளின் கண் முருகனைவிடச் சூரன்மேல்தான் கூடுதலாக நிற்கும். அவன் தோற்கப்போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அவன் ஆட்டத்தில் சலிப்பில்லை. தோற்றவன் அழிவதுமில்லை, வாகனமாகவும் கொடியாகவும் கூடவே இருக்கிறான்.

அந்த விளையாட்டை நான் பெரிதாக மதிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சூரனுக்குக் கீழே தூக்குபவர்களின் கால்கள் தெரியும். வியர்த்து, மூச்சு வாங்கி, தோள் மாற்றித் தூக்கும் ஊராரின் கால்கள். 1954இன் காட்ஸில்லாவுக்கு உள்ளேயும் ஒரு மனிதர் இருந்தார். ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடுப்புக்குள் நின்று நடந்த ஹருவோ நகாஜிமா. மிருகத்தின் பாரத்தை ஒரு மனித உடம்பு உண்மையாகவே சுமந்தது. படக்கதையில் அப்படி யாரும் இல்லை, கோடும் மையும்தான். அதனால்தான் படக்கதையாளருக்கு வேலை கூடுகிறது. பாரம் யார்மேல் இறங்குகிறது என்பதை அவர் வரைந்தே காட்டியாக வேண்டும்.

மிருகமே இல்லாமல் அந்தப் பாரத்தை வரைந்த புத்தகமும் எங்களிடம் உண்டு. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைந்து 2019இல் வந்த ‘வன்னி’. 2008 செப்டெம்பரில் ஐ.நா. வெளியேறும்வரை கிளிநொச்சியில் வேலை செய்தவர் டிக்ஸ். சுனாமி தொடங்கி 2009 வரையான கதையை அது ஒரு குடும்பத்தோடு கூடவே நடந்து சொல்கிறது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்க முடிவதில்லை; ஒரு தரம் வாசித்து மூடி வைத்தவர்களே அதிகம். மிருகக் கதையை நாங்கள் திரும்ப எடுப்போம், பிள்ளைக்கும் கொடுப்போம். அந்த வேடம் செய்யும் உதவி அதுதான். நேரே பார்க்க முடியாத ஒன்றைப் பலமுறை பார்க்கவிடுகிறது. அந்த உதவியை வெறும் பொம்மையாக்கி அலுமாரியில் வைத்துவிட்டால் நட்டம் எங்களுக்குத்தான்.

இங்கே பிறந்த பிள்ளைகள் காட்ஸில்லாவை எங்களைவிட நன்றாக அறிவார்கள். வரையத் தெரிந்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நாளைக்கு ஒரு பெருமிருகத்தை லண்டனுக்குள் இறக்கலாம், வன்னிக்குள்ளும் இறக்கலாம். அவளுக்கு ஸ்டோகோவின் செங்கற்களைக் கொடுக்கலாம், கேனனின் தகப்பனைக் கொடுக்கலாம். கோர்கோவின் தாயைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அவள் பேனையை எடுக்குமுன் அம்மம்மாவிடம் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது. வானத்தில் சத்தம் கேட்டபோது நீங்கள் எங்கே நின்றீர்கள், கையில் யாரைப் பிடித்திருந்தீர்கள் என்று. முதல் கட்டத்தை அங்கிருந்து வரையத் தொடங்கலாம்.