ஒரு சிபாரிசும் அதன் பாடமும்

ஒரு படத்தைப் பார்க்கச் சொல்வது சின்ன விஷயமாகத்தான் தோன்றும். ஏன் பார்க்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கப்படும்போதுதான், நாம் அந்தப் படத்தைப் பற்றி அதுவரை யோசிக்கவே இல்லை, ஒரு பெயரை மட்டும் மரியாதையோடு சுமந்து திரிந்திருக்கிறோம் என்பது தெரிய வருகிறது. ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' (1960) விஷயத்தில் எனக்கு இது நேர்ந்தது. கேட்டவர் விமர்சகரோ எழுத்தாளரோ அல்ல. பட்டாபிராமிலிருந்து பட்டரவாக்கத்துக்குத் தினமும் ரயிலில் வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த துணிகளைச் சரிபார்க்கும் வேலை செய்பவர். என் நண்பரின் தமக்கை.

அவர் கேட்டதைச் சொல்வதற்கு முன், சிபாரிசு என்ற காரியம் நம்மிடையே எப்படி நடந்து வந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் 1947ல் கல்கத்தா ஃபிலிம் சொஸைட்டியைத் தொடங்கினார்கள். 1959ல் இந்திய ஃபிலிம் சொஸைட்டிகளின் கூட்டமைப்பு ஏற்பட்டது. சென்னையிலும் சொஸைட்டிகள் இருந்தன. ஆனால் அவை நகரத்தின் நடுவே இருந்தன. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருந்தவனுக்குப் படம் முடியும் நேரத்தைவிடக் கடைசி வண்டியின் நேரம் முக்கியம். வெளியூர்க்காரனுக்கு அதுவும் இல்லை. ஆகவே தமிழ் வாசகனுக்குக் கட்டக்கும் பெர்க்மனும் பிரெஸ்ஸனும் முதலில் எழுத்தாகவே வந்து சேர்ந்தார்கள். சிறு பத்திரிகையில் யாரோ ஒருவர் பார்த்துவிட்டு வந்து எழுதினார். மற்றவர்கள் படத்தையே பார்த்துவிட்டவர்கள் போல அதை மனதில் வைத்துக்கொண்டோம். இதில் ஒரு பெரிய தீவிரம் இருந்தது, மறுக்கவில்லை. ஒரு கேடும் இருந்தது. வாசகன் படத்தைப் பார்த்திருக்கவில்லை என்பதால் விமர்சகனை யாரும் மறுக்க முடியவில்லை. மறுக்கப்படாத ரசனை மெல்ல மெல்ல அதிகாரமாகிவிடுகிறது.

இப்போது நிலைமை தலைகீழ். 2007ல் 'தி ஆட்டர்ஸ்' என்ற பெயரில் தொடங்கி 2010ல் மூபி என்று பெயர் மாற்றிக்கொண்ட ஸ்ட்ரீமிங் சேவை 2019 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. நாளுக்கு ஒரு படம், அது முப்பது நாள் இருக்கும், பிறகு போய்விடும் என்பது அதன் தொடக்ககால ஏற்பாடு. 2020ல் நிரந்தரமான ஒரு தொகுப்பும் சேர்ந்தது. மற்ற சேவைகளிலும் தேடினால் பழைய படங்கள் அகப்படுகின்றன. அன்று எழுத்து வந்தது, படம் வரவில்லை. இன்று படம் வந்துவிட்டது, எழுத்து வரவில்லை. படத்துக்குக் கீழே இரண்டு வரிக் கதைச் சுருக்கம். அதற்கும் கீழே, இதைப் பார்த்தவர்கள் இன்னின்னவற்றையும் பார்த்தார்கள் என்ற தகவல். இதைச் சிபாரிசு என்று சொல்ல முடியாது. சிபாரிசு செய்கிறவனுக்கு ஒரு முகம் வேண்டும். 'நீ சொன்னாயே, அதில் என்ன இருக்கிறது?' என்று சண்டைக்கு வர ஒரு ஆள் வேண்டும்.

நான் செய்த சிபாரிசும் உயர்ந்ததல்ல. ரயிலில் பார்க்க ஏதாவது படம் சொல்லேன் என்று அவர் கேட்டார். 'பெரிய கிளாஸிக், கட்டாயம் பார்க்கணும்' என்று சொல்லி என் கணக்கையே திறந்து கொடுத்தேன். கட்டாயம் என்பது காரணம் ஆகாது என்று அப்போது தோன்றவில்லை. அவருடைய சம்பளத்தில்தான் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று என்பதும், அவர் தனியாகவே இருந்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் அந்தப் படம், வீட்டுக்காக உழைத்து உழைத்து அழிந்துபோகும் ஒரு மூத்த பெண்ணைப் பற்றியது. அதை அவர் கையில் கொடுக்கும்போது இந்த இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை. கிளாஸிக் என்ற சொல் இந்த அளவுக்கு நம்மைக் குருடாக்கிவிடுகிறது.

போக வர நான்கு நாளில் பார்த்து முடித்தார். தமிழ் வாசகங்கள் கிடையாது. ஆங்கிலத்தில் ஓடியதில் பாதியைத்தான் படிக்க முடிந்ததாம். ஐந்தாம் நாள் சொன்னார்:

"ஏன் தம்பி, இது நம்ம சுஜாதா நடிச்ச படந்தானே? 'அவள் ஒரு தொடர்கதை'. பெங்காலியில எடுத்திருக்காங்க, அவ்ளோதான்."

இது 14 வருஷம் முந்தியது அக்கா என்றேன். "அப்படின்னா அவங்கதான் மொதல்ல எடுத்தாங்களா, சரி. ஆனா அந்தப் பொண்ணு ஏன் வாயே தொறக்க மாட்டேங்குது?"

எனக்கு உள்ளூர எரிச்சல். கட்டக்கைச் சொன்னால் பாலசந்தரைச் சொல்கிறாரே என்று. நம் வட்டத்துக்கே உரிய எரிச்சல் இது. வியாபார சினிமாவின் பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் வந்துவிடும். வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கதையின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றே. மூத்த பெண்ணின் சம்பளத்தில் நடக்கும் குடும்பம், சம்பாதிக்காத அண்ணன், மூத்தவளை நேசித்தவன் அவள் சகோதரியிடம் திரும்பிவிடுவது. இந்தச் சாயலைப் பலரும் குறிப்பிட்டிருக்கிறார்கள். 1974ல் தமிழில் வந்த படம் 1977ல் 'கபிதா' என்று வங்காளியிலேயே மறுபடி எடுக்கப்பட்டது என்பது விசித்திரமான ஒரு வட்டம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? கேள்வியை அவரே கொடுத்துவிட்டார். கவிதா பேசுகிறாள், நீதா பேசுவதில்லை.

பாலசந்தரின் கவிதா வீட்டில் எல்லோரையும் நாக்கால் அறைகிறாள். தன் தியாகம் என்ன என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்லவும் தெரியும். 1974ல் ஒரு தமிழ்ப் படத்தில் சம்பாதிக்கும் பெண்ணுக்கு அந்த நாக்கு கிடைத்தது சாதாரண விஷயமல்ல. நம் விமர்சனம் இதற்குரிய மதிப்பைக் கொடுத்ததில்லை. ஆனால் எல்லாமே வசனத்தில் தீர்ந்துவிடுகிறது. அவள் சொல்லி முடித்த பிறகு பார்வையாளனுக்கு மிச்சமாக ஒன்றும் இல்லை, கைதட்டுவதைத் தவிர. குற்றமும் தனிமனிதர்களுடையதாகவே நின்றுவிடுகிறது. அண்ணன் குடிக்கிறான், தகப்பன் சந்நியாசியாகப் போய்விட்டான். இவர்கள் ஒழுங்காக இருந்திருந்தால் கவிதாவுக்குத் துன்பமே இல்லை என்றாகிறது.

நீதாவின் வீட்டில் யாரும் வில்லன் இல்லை. தகப்பன் படிப்பில் தோய்ந்த பள்ளி ஆசிரியர். அண்ணன் சங்கர் நிஜமாகவே சங்கீதம் தெரிந்தவன். நீதா நம்பியதைப் போலவே பின்னால் பெரிய பாடகனாக வருகிறான். தாய்கூடக் கொடியவள் அல்ல, வறுமையில் கணக்குப் பார்க்கிறவள். நீதாவும் சனத்தும் பேசிக்கொண்டிருக்கையில் தாயின் முகத்தோடு அடுப்பில் கொதிக்கும் சப்தம் எழுகிறது. இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் உலை எப்படிக் கொதிக்கும் என்ற பயம் அது. ஒரு வார்த்தை வசனம் இல்லை. இவர்கள் எல்லோரும் 1947 பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து கல்கத்தாவின் புறநகருக்கு வந்து விழுந்தவர்கள். குடும்பத்தைத் தின்பது ஒருவருடைய குடியல்ல, ஒரு தேசத்தின் முறிவு. டாக்காவில் 1925ல் பிறந்த கட்டக் அந்த முறிவிலிருந்து கடைசிவரை மீளவில்லை. அதைத் தொடர்ந்து எடுத்த 'கோமல் காந்தார்' (1961), 'சுபர்ணரேகா' (1965) இரண்டும் அந்தக் காயத்தைப் பற்றியவையே.

நீதா பேசாததை ஒலி பேசுகிறது. சனத்தின் அறையில் வேறொரு பெண் இருப்பதை அறிந்து அவள் மாடிப்படி இறங்கும்போது எங்கிருந்தோ ஒரு சவுக்கடி. காட்சியில் சவுக்கும் இல்லை, அடிப்பவனும் இல்லை. அக்காவிடம் இதைக் கேட்டேன். "அதுவா? ஹெட்போன் வயரு போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். சிரித்துவிட்டேன், பிறகு சிரித்தது தவறென்று பட்டது. அந்த ஒலி கதையில் எங்கும் ஒட்டாமல், கருவியே பழுதாகிவிட்டதோ என்று தோன்றும்படி வர வேண்டும் என்பதுதானே கட்டக்கின் எண்ணம்? நாங்கள் அதைப் 'பரிசோதனை' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். அவர் வயரைத் திருகிப் பார்த்திருக்கிறார். படத்தில் ரயில் குறுக்கே போய்ப் பேச்சை மூழ்கடிக்கும் இடத்தில், சத்தம் படத்திலா தண்டவாளத்திலா என்றும் அவருக்குத் தெரியவில்லையாம். கட்டக்கை ரயிலில், கைபேசியில் பார்ப்பதா என்று முகம் சுளித்தவன் நான். பெரிய திரையில் பார்க்க வேண்டிய படம் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புறநகர் வீடுகளை உரசிக்கொண்டு போகும் ரயிலைப் பற்றி எனக்குத் தெரியாத எதையோ அவர் அதில் பார்த்துவிட்டார்.

கட்டக் மெலோட்ராமாவைக் கண்டு வெட்கப்பட்டவர் அல்ல. காச நோய், புயல் இரவில் வீட்டை விட்டுப் போய்விடு என்று தகப்பனே மகளிடம் சொல்வது, பாடகனாகத் திரும்பும் அண்ணன் என்று நம் படங்கள் பயன்படுத்தும் அதே சாமான்கள்தாம். ஆனால் அவர் நீதாவின் குரலைக் கடைசிவரை தேக்கி வைக்கிறார். ஷில்லாங் மலையில், சாகப்போகும் நேரத்தில், தான் வாழ விரும்பியதாக அவள் அண்ணனிடம் கதறும்போது காமிரா அவளை விட்டுவிட்டு மலைகளைச் சுற்றிச் சுழல்கிறது. படம் முழுதும் பேசியிருந்தால் அந்தக் கதறலுக்கு இடம் இருந்திருக்காது. அவள் ஏன் வாயே திறக்கவில்லை என்பதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "சாவுறப்போ கத்தி என்ன பிரயோஜனம்? கவிதா அன்னன்னிக்கே கேட்டுட்டா" என்றார். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கலையில் கட்டக் பெரியவர். வாழ்க்கையில் நீதாவைவிடக் கவிதாவே தேவலை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

முடிவு இன்னொன்று. பாலசந்தரின் படம் முடியும்போது கவிதா தனக்கென்று வந்த மாப்பிள்ளையையும் தங்கைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். தொடர்வது அவளேதான், தலைப்புச் சொல்கிறபடி அவள் ஒருத்தி. அதனால் அவள் அபூர்வமானவளாகி, நம் பூஜைக்கு உரியவளாகிவிடுகிறாள். கட்டக்கின் படத் தொடக்கத்தில் நீதாவின் செருப்பு வார் அறுகிறது. முடிவில் நீதா இல்லை. அதே தெருவில் வேறொரு பெண்ணின் செருப்பு வார் அறுகிறது. அவள் லேசாகச் சிரித்துவிட்டு நடக்கிறாள். பார்த்து நிற்கும் சங்கர் முகத்தை மூடிக்கொள்கிறான். இங்கே தொடர்வது அவள் அல்ல, அந்த இடம். அதில் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். ஒன்று அனுதாபத்தில் முடிகிறது, மற்றது குற்றச்சாட்டில்.

இதை அக்காவிடம் விளக்கினேன். அவர் சொன்னது: "செருப்பு அறுந்தா சிரிச்சுக்கிட்டா போவாங்க? பக்கத்துல யார்கிட்டயாவது ஊக்கு கேப்போம்." காலை வண்டியில் மகளிர் பெட்டியில் யாராவது ஒருத்தி தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுப்பாளாம். கட்டக்கின் படத்தில் அந்த இன்னொருத்தி இல்லை. இரண்டு செருப்புகளுக்கும் நடுவே ஒரு பெண்ணும் மற்றொரு பெண்ணுக்கு ஊக்கு கொடுப்பதில்லை. எவ்வளவோ முறை பார்த்தும் இது எனக்குத் தோன்றியதில்லை.

கட்டக் தமிழுக்கு இரண்டு வழிகளில் வந்தார் என்று நினைக்கிறேன். ஒன்று பாலசந்தர் வழி. அது கதையாக வந்தது. மற்றது, புனா திரைப்படக் கல்லூரியில் அவரிடம் படித்த ஜான் ஆபிரகாம் வழி. 1977ல் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தபோது அதற்குத் திரைக்கதை எழுதியவர் சிறு பத்திரிகை விமர்சகரான வெங்கட் சாமிநாதன். இரண்டாவது வழியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். முதல் வழியில் வந்தவர்கள் எத்தனை லட்சம் பேர் என்பதை நினைத்ததில்லை. கட்டக்கிடம் போகும் வாசல் அவர்களுக்கு ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது. அதைச் சாத்திவிட்டு வேறு வாசல் வழியாக வரச்சொல்வது நாம்தான்.

ஆகவே இந்தத் தடவை காரணத்தோடு சிபாரிசு செய்கிறேன். 'அவள் ஒரு தொடர்கதை'யை விரும்பியவர்கள் 'மேகே டாக்கா தாரா'வைப் பாருங்கள், பேசாமலிருப்பது என்ன செய்யும் என்பதற்காக. பிறகு ராயின் 'மகாநகர்' (1963). அதில் வேலைக்குப் போகும் மருமகள் தியாகி அல்ல, வேலையில் தன்னையே கண்டுபிடிக்கிறவள். பிறகு மிருணாள் சென்னின் 'ஏக் தின் பிரதிதின்' (1979). சம்பாதிக்கும் மகள் ஓர் இரவு வீடு திரும்பவில்லை, விடிவதற்குள் குடும்பத்தின் அன்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது வெளியே வந்துவிடுகிறது. கடைசியாகத் தமிழுக்கே திரும்பி ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' (1978). 1974ல் கவிதாவின் விதவைத் தங்கையாக நடித்த ஸ்ரீப்ரியாதான் அதில் மஞ்சு. நான்கு வருஷத்தில் ஒரு நடிகை எவ்வளவு தூரம் வந்தாள் என்பதும் நம் சினிமாவின் சரித்திரம்தான்.

'ஏக் தின் பிரதிதின்' பற்றி அக்காவிடம் சொன்னேன். அந்தப் பெண் ராத்திரி எங்கே போயிருந்தாள் என்று கேட்டார். படம் கடைசிவரை சொல்லாது என்றேன்.

"சொல்லாட்டி நல்லது" என்றார். "எதுல இருக்கு?"