நிறுவலும் நம்பகமும்: முறைசார் சரிபார்ப்பு ஆய்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

கணினியின் பிழை மனிதனின் பிழையினின்றும் இயல்பில் வேறுபட்டது. கணக்கெழுதுபவர் இன்று தவறி நாளை திருந்தக்கூடும். பிழைபட எழுதப்பெற்ற செய்ந்நிரலோ அப்பிழையை ஆயிரம் இடங்களில், ஆயிரம் முறை, அணுவும் பிசகாது நிறைவேற்றும். 1994இல் இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் சில்லில் வகுத்தற் கணக்கிலே வெளிப்பட்ட வழு அந்நிறுவனத்துக்கு 475 மில்லியன் டொலர் இழப்பை விளைத்தது. 1996 யூன் 4ஆம் நாள் ஏரியன் 5 ஏவுகலம் புறப்பட்டு ஒரு நிமிடம் நிறையுமுன் அழிந்தது. 64 துணுக்கு எண்ணொன்று 16 துணுக்கு இடத்துள் அடங்காது போனமையே காரணம்.

எத்துணைச் சோதனைகள் செய்யினும் செய்யப்படாத சோதனைகள் எஞ்சியே நிற்கும். ஆதலின், கேத்திரகணிதத் தேற்றம் போலச் செய்ந்நிரலையும் நிறுவிக்காட்ட வேண்டும் என்னும் கொள்கை எழுந்தது. இதுவே முறைசார் சரிபார்ப்பு எனப்படுவது. எல்லாச் செய்ந்நிரல்களையும் தீர்த்துரைக்கும் பொதுவழி இல்லை என்பது 1936இல் ரியூறிங் காட்டிய முடிவிலிருந்தே பெறப்படுவது. எனவே இத்துறையின் வரலாறு எல்லை வகுத்துக்கொண்டு வெற்றி காணும் வரலாறாயிற்று. 1981 அளவில் கிளார்க்கும் எமர்சனும் அமெரிக்காவிலும், கேயும் சிபாகிசும் பிரான்சிலும் தனித்தனியே கண்ட மாதிரிச் சோதனை ஒரு நெறி. பொறியின் துணையோடு தேற்றங்களை நிறுவுதல் மற்றொரு நெறி.

இவ்விரு நெறியும் தனியொருவர் உழைப்புக்கு அடங்குவன அல்ல. 2009இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் எஸ்.ஈ.எல்.4 என்னும் இயங்குதளக் கருவினைச் சரியென நிறுவினர். ஏறத்தாழ 8,700 வரிகள் கொண்ட அச்செய்ந்நிரலுக்கு நிறுவல் மட்டும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் வரிகளாயிற்று. கூட்டாய்வு இத்துறையின் இயல்பான வடிவமாதற்கு இவ்வளவே போதிய சான்று.

தமிழ்நிலத்தில் இவ்வாய்வின் இருப்பிடம் சென்னை. 1989இல் சி. எஸ். சேஷாத்திரி தொடங்கிய கணிதப் பள்ளியே பின்னர் சென்னைக் கணிதக் கழகமாயிற்று. அதுவும் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனமும் பிரெஞ்சு ஆய்வகங்களோடு கைகோத்து, 2012இல் இன்போர்மெல் என்னும் கூட்டாய்வகத்தையும், 2017இல் அதன் வளர்ச்சியாக ரிலாக்ஸ் என்பதையும் அமைத்தன.

இவ்வட்டாரத்தின் ஆய்வுப்போக்கை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பல கணினிகள் தத்தம் பணியைச் செய்துகொண்டு இடையிடையே இருவர் இருவராகச் சந்திக்கின்றன என்க. முதலாவதும் இரண்டாவதும் சந்திக்கையில், மூன்றாவதைப் பற்றி இரண்டும் ஏதோ அறிந்திருக்கின்றன. எவருடைய செய்தி புதியது? ஒவ்வொரு சந்திப்புக்கும் வளர்ந்து செல்லும் எண் இடின் விடை எளிது. ஆயின் நினைவகம் எல்லையுடையதாயின் எண்களும் தீர்ந்துபோம். வரம்புக்குட்பட்ட அடையாளங்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியே இதற்கு விடை காணலாம் என்பதை மாதவன் முகுந்தும் மிலிந்த் சோஹோனியும் 1997இல் வெளியிட்ட கட்டுரை காட்டிற்று. ஊர்வம்பு பற்றிய சிக்கல் என்றே அவர்கள் இதற்குப் பெயரிட்டனர். பெயர் எளிது, பொருளோ பரந்துகிடக்கும் அமைப்புகளை நடுவில் ஒரு மேற்பார்வையாளர் இன்றி ஒழுங்குபடுத்தும் அடிப்படை வினா. அன்றாட வாழ்வின் எளிய வினாவைத் துல்லியமாக்கி விடை கண்டமை இவ்வாய்வின் சிறப்பாகும்.

இனி, இத்துறையின் மீது எழுந்த வன்மையான மறுப்பை நோக்கலாம். 1979இல் டெமிலோ, லிப்ரன், பேர்லிஸ் ஆகிய மூவர், கணித நிறுவல் நம்பப்படுவது அதன் வடிவத்தால் அன்று, சமூகத்தால் என வாதிட்டனர். கணிதர் அதனைப் படிக்கின்றனர், பிறருக்குக் கற்பிக்கின்றனர், ஐயுறுகின்றனர், பிறிதோரிடத்துப் பயன்படுத்துகின்றனர். செய்ந்நிரலின் நிறுவலோ நீண்டது, சுவையற்றது. அதனை எவரும் படியார். எனவே அது நம்பகம் தாராது என்பது அவர் கூற்று. பொறியே நிறுவலின் ஒவ்வோர் அடியையும் சரிபார்க்கும் இன்றைய நிலையில் இம்மறுப்பின் ஒரு பாதி வலுவிழந்துவிட்டது. இரண்டு இலட்சம் வரிகளை மனிதர் படிக்கவேண்டியதில்லை. மறுபாதியோ இன்றும் நிற்கின்றது. பொறி சரிபார்ப்பது செய்ந்நிரல் வரையறைக்கு இணங்குகின்றதா என்பதையே. வரையறை நேரியதா என்பதைப் பொறி அறியாது. ஏரியன் 5 ஏவுகலத்தில் வழுப்பட்ட பகுதி ஏரியன் 4இல் குறையின்றி இயங்கியதே. மாறியது செய்ந்நிரல் அன்று. அதனைச் சூழ்ந்த நிலைமை.

1978இல் நீடாமும் சுரோடரும் வகுத்த அடையாளம் காணும் நெறிமுறையின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். அது பலராலும் ஆராயப்பெற்று, பதினேழு ஆண்டுகள் கழித்து, 1995இல் கவின் லோ அதன் ஓட்டையைக் கண்டார். பகைவன் புறத்தே நிற்பவன் என்பது பழைய கருத்து. அவன் உரிமையுடைய பங்காளியாகவே உள்ளிருப்பின் என்னாம் என்பது லோவின் வினா. தருக்கம் பிழைக்கவில்லை, யாரை நம்பலாம் என்ற எடுகோளே பிழைத்தது. செய்திகளுக்குத் தக்க அடையாளக்குறி இடின் இரகசியம் காக்கப்படுகின்றதா என்பதைப் பொறிமுறையாகவே தீர்மானிக்கலாம் என 2003இல் இராமானுஜமும் சுரேசும் சென்னையிலிருந்து காட்டியமை இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. எனினும் எதனை இரகசியம் என்பது, யாரிடமிருந்து காப்பது என்பன அங்கும் முன்னரே தரப்பட்டவையே.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. இறம்பொடை மலைச்சரிவில் ஒரு கொழுந்து மடுவத்தை எண்ணுக. தராசும் செக்றோலும் கணினிமயமாகின்றன. செய்ந்நிரல் முறைப்படி நிறுவப்படுகின்றது எனவும் கொள்க. சாக்கின் நிறைக்காகவும் ஈரத்துக்காகவும் கழிக்கப்படும் கிலோக்கள் தோட்டங்களில் நெடுங்காலமாக வழக்குக்குரியவை. அக்கழிவு வரையறையுள் எழுதப்பட்டிருப்பின், செய்ந்நிரல் அதனை ஒவ்வொரு நிறுவையிலும் மறவாது கழிக்கும். நிறுத்தவர் இடம் இதுகாறும் வாதிட்ட பெண், இனிச் சரியென நிறுவப்பட்ட ஒன்றோடு வாதிட வேண்டும். முழுப்பேரா அரைப்பேரா என்னும் முடிவில் அவளது அன்றைய கூலி தங்கியிருக்கின்றது. நிறுவல் இங்கே அநீதியைப் படைக்கவில்லை. இருந்த அநீதிக்கு ஐயுறவியலாத தோற்றத்தைத் தந்துவிடுகின்றது.

ஆகவே கூட்டாய்வு என்ற சொல்லின் எல்லையே ஆராயப்படவேண்டியது. இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூடுவதனால் நிறுவல் வலுப்பெறும், வரையறை வலுப்பெறாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் இராமானுஜமும், ஊரகத் தொழில்நுட்பத்தில் சோஹோனியும் உழைத்தமை, மக்களை அணுகும் மனம் இவ்வறிஞரிடத்தே உண்டு என்பதற்குச் சான்று. ஆயின் அவ்வனுபவம் நுழைவதற்குரிய வாயில் இத்துறையின் முறைமையுள் இன்னும் அகலத் திறக்கப்படவில்லை. டெமிலோ குழுவினர் நிறுவலுக்கு வேண்டிய சமூகம் இன்று வரையறைக்கே வேண்டப்படுகின்றது. பொதுமக்கள் படித்தறியக்கூடிய மொழியில், தமிழ் பேசுவோருக்குத் தமிழில், வரையறை எழுதப்படல் வேண்டும். அதனால் அளக்கப்படுவோரும் அதனைக் கேட்டு மறுக்க இடம் வேண்டும்.

முறைசார் சரிபார்ப்பு இந்நூற்றாண்டின் அரிய அறிவுச் செல்வங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. சொன்னதைச் செய்ததா என்ற வினாவுக்கு அது தரும் விடை வேறெதனாலும் பெறற்கரியது. சொன்னது தகுமா என்ற வினாவோ மடுவத்தில் கொழுந்துச் சாக்கோடு நிற்பவளுக்கும் உரியது. அவளையும் சேர்த்துக்கொண்ட பின்னரே அது கூட்டாய்வு என்னும் பெயருக்கு முற்றும் தகுதி பெறும்.