பெயர்ப் பட்டியலும் விதை நெல்லும்

முக்கூடற் பள்ளுவை முதல்முறை படித்தபோது, அதில் வரும் நெல் பெயர்களை எக்செல்லில் ஏற்றி வைத்தேன். பொறியியல் புத்தி. அந்தப் பெயர்களைச் சத்தமாகப் படித்தாலே ஒரு போதை. பாரம்பரிய நெல் பற்றி நம் தலைமுறை எழுதும் கட்டுரைகள் பலவும் அந்தப் போதையிலேயே நின்றுவிடுகின்றன என்பது என் புகார். நான் எழுதியதையும் சேர்த்துத்தான்.

மதுராந்தகம் பக்கம் பயிர் வைக்கும் சித்தப்பாவிடம் பட்டியலை வாசித்துக் காட்டினேன். "பேரெல்லாம் நல்லாத்தான் இருக்குடா. எத்தனை நாள் பயிரு? யாரு வாங்குவாங்க?"

அதன்பிறகுதான் பள்ளுவைத் திரும்பப் படித்தேன். அங்கே பெயர்களைச் சொல்பவன் ரசிகன் இல்லை, பண்ணைக்காரனுக்குக் கணக்கு ஒப்பிக்கும் பள்ளன். கணக்குப் பிசகினால் தண்டனை. நாம் இசையாகக் கேட்பது அவனுக்கு இருப்புக் கணக்கு.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. இந்த மாதிரி மழையில் எங்கள் பக்கத்து விவசாயியின் கேள்வி ஒன்றுதான்: பயிர் எத்தனை நாள் முங்கிக் கிடக்கும்? இதற்கு ஒரு பதில் ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து வந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ ரகத்தில் இருந்த சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். சாதாரணப் பயிர் முங்கினால் நீருக்கு மேலே வர நீண்டு நீண்டே களைத்துப்போகும். இந்த மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்தி, சக்தியைச் சேமித்து, தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். லேப்டாப்பை ஸ்லீப்பில் போடுகிற மாதிரி. ஏறத்தாழ 2 வாரம் தாங்கும். நம்மூரில் பொன்மணி எனப்படும் சி.ஆர். 1009க்குள்ளும் அதைச் சேர்த்து, சி.ஆர். 1009 சப்1 வந்துவிட்டது.

ஆக, 'நாட்டு விதையா, ஆராய்ச்சி விதையா' என்று நாம் போடும் சண்டைக்கு இங்கே இடமே இல்லை. ஆராய்ச்சி விதைக்குள் இருப்பதே நாட்டு விதைதான். எனக்கு உறுத்துவது வேறு. அதைத் தலைமுறைகளாகக் காப்பாற்றிய ஒடிசா விவசாயிகளின் சுவடு எதுவும் அந்த எண்ணில் இல்லை. பள்ளுவில் பெயராவது மிஞ்சியது.

இதை வைத்துத் துள்ளவும் வேண்டாம். இந்தக் குணம் கைகொடுப்பது இளம்பயிருக்கு. பூக்கும் பருவத்தில் முங்கினால் பெரிதாக உதவாது. கடலோர வயலில் ஏறும் உப்புக்கும் இது மருந்தில்லை, அதற்கு வேறு ரகம் வேண்டும்.

இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்லிவிட்டு, இந்தச் சம்பாவுக்கு எதை விதைக்கப் போகிறீர்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"டெப்போவுல எது வந்திருக்கோ, அதான்."